தாயியின் கையில் ஒரு கைப்பேசி

புனேயில் பர்வதி மலையின் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச்செல்லும் தகரக் கூரைகளின் தொகுதிக்கு ஜனதா வசாஹத் என்று பெயர். உச்சியில் பேஷ்வாக்கள் காலத்துக் கோயில், அடிவாரத்தில் முட்டா ஆற்றிலிருந்து வரும் கால்வாய், இடையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அச்சரிவில் வாடகை அறை ஒன்றில் இயங்கும் அங்கன்வாடியின் பணியாளர், காலையில் கதவைத் திறந்ததும் துடைப்பத்தைத் தேடுவதில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு மறுபடியும் வெளியே வருகிறார். தகரத்தின் கீழ் அலைவரிசை கிடைக்காது. சந்தின் முனையில், தண்ணீர்க் குழாய்க்கு அருகே ஓரிடத்தில் கிடைக்கும். அங்கு நின்று, செயலியில் மையம் திறக்கப்பட்டதாகப் பதிந்துவிட்டுத்தான் உள்ளே சென்று தரையைப் பெருக்குகிறார். அவரை அந்தச் சரிவில் எல்லோரும் ‘தாயி’ என்றே அழைக்கின்றனர்.

இச்சொல் தமிழ்ச் செவியை ஒரு கணம் ஏமாற்றும். மராத்தியில் ‘தாயி’ என்றால் அக்கா. பெற்றவளை அவர்கள் ‘ஆயி’ என்பர். பழந்தமிழிலோ யாய், ஞாய், தாய் என்று மூன்று சொற்கள் இருந்தன: என் அம்மா, உன் அம்மா, பிறருடைய அம்மா. இன்று எல்லா அம்மாக்களுக்கும் பொதுவாகிவிட்ட ‘தாய்’ தொடக்கத்தில் படர்க்கைச் சொல். பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு மாதந்தோறும் எடைபோட்டு, கிச்சடி பரிமாறி, மூக்கைத் துடைத்துவிடும் ஒருவரை அப்பழைய படர்க்கைப் பொருளில் தாய் என்று கேட்டுக்கொண்டாலும் பெரிய பிழையில்லை.

அங்கன்வாடி என்ற ஏற்பாடு 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் உள்ளன. மகாராஷ்டிரத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். ‘ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்’ என்ற நீண்ட பெயரின் கீழ் நடப்பவை எளிய காரியங்களே. கருவுற்ற பெண்ணைக் கண்டறிதல், பிறந்த குழந்தையை நிறுத்தல், எடை குறைந்தால் கூடுதல் உணவு தருதல், தடுப்பூசி நாளில் வீடுவீடாகச் சென்று அழைத்துவருதல், மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளவர்களுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித்தருதல். தமிழ்நாட்டினருக்கு இதன் ஒரு பகுதி நன்கு தெரியும். 1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு இங்கு தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோடுவதையே மையமாகக் கொண்டிருந்தது. மரக்கிளையிலும் உத்தரத்திலும் தொங்கிய தராசையும், அதில் காலை உதைத்து அழுத குழந்தையையும், அட்டையில் புள்ளி வைத்த பெண்ணையும் நினைவில் வைத்திருக்கும் தலைமுறை ஒன்று இன்னும் இருக்கிறது.

அந்தப் புள்ளி பதிவேட்டில் வாழ்ந்தது. 2012க்குப் பின் சீரமைக்கப்பட்ட முறையில் பதிவேடுகள் மொத்தம் 11. குடும்ப விவரம், உணவு இருப்பு, உணவு வழங்கல், முன்பள்ளி, கர்ப்பமும் பிரசவமும், தடுப்பூசி, வைட்டமின் ஏ, வீட்டுப் பார்வை, பரிந்துரை, மாதச் சுருக்கம், எடை. தாயியின் அலமாரியில் இவை பழைய புடவைத் துணியில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. பதிவேடு நல்ல கருவி என்று யாரும் சொல்லவில்லை. ஒரே பெயரை ஏழு இடத்தில் எழுத வேண்டும். மாத முடிவில் கூட்டல் தவறும். மேற்பார்வையாளர் வருவதற்கு முதல்நாள் இரவில் நிரப்பப்பட்ட பக்கங்களும் உண்டு. ஆனால் அவற்றுக்கு ஓரம் இருந்தது. கட்டங்களுக்கு வெளியே விரல் அகலத்துக்கு வெற்றுத்தாள். தாயியின் குறிப்புகள் அங்கேதான் இருந்தன. ‘தலைப்பிரசவத்துக்கு லாத்தூர் போயிருக்கிறாள், தீபாவளி கழித்து வருவாள்.’ ‘மாமியார் முட்டை தரவிடுவதில்லை, இங்கேயே உட்காரவைத்துக் கொடுக்க.’ ‘எடை குறையவில்லை, தராசு சரியில்லை.’ ஒரு மொழியியல் மாணவருக்கு அந்த ஓரங்கள் பெரும் புதையல். எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்கும் நடுவில், யாருக்கும் காட்டும் நோக்கமின்றி, ஒரு பெண் தன் நினைவுக்காக எழுதிக்கொண்ட மராத்தி அது.

2018 மார்ச்சில் தேசிய ஊட்டச்சத்து இயக்கம் தொடங்கியது. 2019இல் மகாராஷ்டிரத்தின் பணியாளர்களுக்கு அரசு திறன்பேசிகள் வழங்கப்பட்டன. தாயியின் வாழ்வில் அதுவே முதல் திறன்பேசி. அதற்குமுன் அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த சிறிய பேசி. அதைப் பேசுவதற்கும் மணி பார்ப்பதற்கும் பயன்படுத்தினார். புதியது வந்த அன்று அதன்மேல் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளை உரிக்க மனமில்லாமல் ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தார். வீட்டில் அதைச் சாமிப்படத்தின் அருகே வைத்தனர். கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவர். மகன் அப்போது ஆறாம் வகுப்பு. வீட்டுக்குள் வந்த முதல் அரசுப் பொருள் மனைவியின் பெயரில் வந்தது என்பதில் அவருக்கும் சற்றுப் பெருமை இருந்தது.

அரசின் கணக்கில் அங்கன்வாடிப் பணியாளர் ஊழியர் அல்லர். ‘மதிப்பூதியம்’ பெறும் தன்னார்வலர். அவர் பெறுவது சம்பளமன்று. அவரது வேலை முழுநேர வேலையுமன்று. மத்திய அரசின் பங்கு 2018 அக்டோபரில் மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக உயர்ந்தது. மாநிலம் தன் பங்கைச் சேர்த்துத் தரும். செயலியில் ஒழுங்காகப் பதிபவருக்கு மாதம் 500 ரூபாய் ஊக்கத்தொகை என்ற ஏற்பாடும் அப்போது வந்தது. இந்த 500 முக்கியமானது. ஒரு குழந்தையின் எடையை ஏற்றியதற்கு எவரும் ஒருபோதும் தனியே பணம் தந்ததில்லை. ஏற்றியதைப் பதிந்ததற்குத் தந்தனர்.

பகுதிநேரம் என்பது எத்தனை மணி என்று பதிவேட்டுக் காலத்தில் தெரிந்திருந்தது. மதியம் கதவைப் பூட்டினால் துணிமூட்டை அலமாரியிலேயே இருக்கும். கைப்பேசி இடுப்பில் வந்தது, அடுப்படிக்கு வந்தது, தலையணைக்கு வந்தது. வாட்ஸ்அப் குழுக்கள் ஒன்று மூன்றாகி, மூன்று ஆறாயின. இரவு ஒன்பது மணிக்கு ஒரு படிவம், பத்தரைக்கு ஒரு நினைவூட்டல். கைகழுவும் நாளின் படம், ஊட்டச்சத்து மாதத்தின் படம், கோலத்தில் எழுதிய முழக்கத்தின் படம். குழந்தைகள் கைகழுவியது ஐந்து நிமிடம் என்றால், அதைப் படமெடுக்க வரிசையில் நிறுத்தியது இருபது நிமிடம்.

இங்கு மராத்தியின் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தமிழைப் போலவே மராத்தியிலும் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உள்ளடக்கினால் ‘ஆபண்’, விலக்கினால் ‘ஆம்ஹி’. நாம், நாங்கள் என்ற வேறுபாடுதான். இந்தி அடுத்திருந்தும் அதற்கு வாய்க்காத இவ்வேறுபாட்டை மராத்தி திராவிட மொழிகளின் உறவால் பெற்றது என்பது பரவலான கருத்து. ஆனால் ‘ஆபண்’ என்பதற்கு மற்றொரு பயனும் உண்டு. மிக்க மரியாதையோடு ‘தாங்கள்’ என்று விளிக்கவும் அதுவே சொல். இரவு பத்தரைக்கு வரும் செய்தி, ‘ஆபண் எல்லோரும் இன்றே பதிவை முடிக்க வேண்டும்’ என்று சொல்லும்போது அது ‘நாம்’ போலவும் ஒலிக்கும், ‘நீங்கள்’ போலவும் ஒலிக்கும். வேலை யாருடையது என்பதை இலக்கணம் சொல்லாது. அனுப்பியவர் உறங்கச் சென்ற பிறகு விழித்திருப்பவருக்குத்தான் தெரியும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் திரைக்குள் சென்றன. வீட்டில் இருந்த ஒரே திறன்பேசி அரசுடையது. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அது மகனின் வகுப்பறை. அதன்பின் தாயியின் அலுவலகம். இரவில் இருவருக்கும் இடையில் ஓர் இழுபறி. நோய் கண்டவர் எவர், வெளியூரிலிருந்து திரும்பியவர் எவர் என்று வீடுவீடாகக் கேட்டறியும் வேலையிலும் பணியாளர்களையே இறக்கினர். பேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோன நாள்களில் மகனின் கணக்குப் பாடமும் பக்கத்துச் சந்தின் காய்ச்சல் பட்டியலும் ஒன்றாக நின்றன.

பிறகு 2021 மார்ச் 1 அன்று முந்தைய செயலி போய், ‘போஷன் டிராக்கர்’ வந்தது. அதன் முகம் ஆங்கிலத்தில் இருந்தது. பெயர்களை ஆங்கில எழுத்தில் உள்ளிட வேண்டும் என்றனர்.

இது நடந்தது புனேயில் என்பதை நினைத்தால் சிரிக்கவும் தோன்றும். இந்திய எழுத்துகளைக் கணினிக்குள் கொண்டுவரும் பணியில் பல ஆண்டுகள் உழைத்த சிடாக் நிறுவனம் 1988 முதல் இதே நகரில்தான் இருக்கிறது. தாயியின் சந்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவு. எரவாடாப் பக்கம் டெக்கான் கல்லூரியிலோ, 1948இல் தொடங்கிய சமஸ்கிருதப் பேரகராதிக்காகக் கைப்பட எழுதிச் சேர்த்த சொற்சீட்டுகள் ஏறத்தாழ ஒரு கோடி, இரும்பு அலமாரிகளில் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு மொழியின் ஒவ்வொரு சொல்லையும் அதன் எழுத்து பிசகாமல் காக்க முக்கால் நூற்றாண்டு செலவிடும் நகரம் இது. மாநிலத்தின் ஆட்சிமொழிச் சட்டம் 1964ஆம் ஆண்டினது. மராத்திக்குச் செம்மொழித் தகுதி 2024 அக்டோபரில் கிடைத்தது. இவை அனைத்துக்கும் நடுவில், எட்டாம் வகுப்புவரை மராத்திவழி படித்த ஒரு பெண் ‘ளகர’த்தை எந்த ஆங்கில எழுத்தால் எழுதுவது என்று தெரியாமல் சந்தின் முனையில் நின்றுகொண்டிருந்தார்.

ளகரம் தமிழுக்கும் மராத்திக்கும் பொது. பொது இந்திக்கு இல்லை. ஆங்கில அகரவரிசையிலும் இல்லை. ‘பாள்’ என்றால் மராத்தியில் குழந்தை. ஆங்கிலத்தில் எழுதியதும் அது ‘பால்’ ஆகும், ‘பல்’ ஆகும். காளே என்பது அங்கு பரவலான குலப்பெயர். ஆங்கில எழுத்தில் காலேயும் காளேயும் ஒன்றே. நெடிலும் குறிலும் கலந்துவிடும். இது ஆய்வரங்குகளில் எழுத்துப்பெயர்ப்பு என்ற தலைப்பில் பேசப்படும் இனிய சிக்கல். சந்தில் அதன் விளைவு வேறு. ஆதார் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயர் இருக்க வேண்டும். ஆதார் எடுத்தபோது மையத்தில் இருந்த பையன் தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பான். மேலும் மராத்திய வழக்கில் பெண்ணின் பெயருக்குப் பின் தந்தையின் பெயரும் குலப்பெயரும். திருமணத்துக்குப் பின் கணவனின் பெயரும் அவன் குலப்பெயரும். சில குடும்பங்களில் மணமகளின் சொந்தப் பெயரையே மாற்றிவிடுவர். ஆகவே ஆதாரில் ஒருத்தி, ரேஷன் அட்டையில் ஒருத்தி, தாயி அறிந்தவள் மூன்றாமவள். மூவரும் ஒரே பெண் என்று பதிவேட்டின் ஓரத்தில் எழுதிவைக்கலாம். செயலியில் எழுத இடமில்லை.

எனவே மகன் எழுதினான். அவன் அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தான். விரல் வேகம், ஆங்கில எழுத்துகள் பழக்கம். மாலையில் தாயி பதிவேட்டைத் திறந்து வாசிக்க, அவன் தட்டுவான். நாடெங்கும் பல பணியாளர் வீடுகளில் நடந்ததுதான் இது. மகளோ மருமகளோ அண்டைவீட்டுக் கல்லூரி மாணவியோ செய்திருப்பார்கள். அரசின் தரவுத்தொகுதியில் பதிந்திருக்கும் இலக்கங்களில் எத்தனை இலக்கங்கள் பள்ளிப் பிள்ளைகளின் விரல்வழி சென்றவை என்று எந்த அறிக்கையிலும் இருக்காது. தாயிக்கு முதலில் அது இன்பமாகவே இருந்தது. மகன் அருகில் அமர்ந்திருக்கும் ஒரு மணிநேரம். அவன் திருத்துவான்: “ஆயி, அது ‘எஸ்’ இல்லை, ‘எஸ் ஹெச்’.” பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவதையே தொழிலாகக் கொண்டவர், தன் பிள்ளையிடம் எழுத்துக் கற்றார்.

செயலி ஒவ்வொரு குழந்தையின் வளர்ச்சியையும் நிறத்தால் காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு. பழைய அட்டையிலும் நிறங்கள் உண்டு. ஆனால் அட்டை அலமாரியில் இருந்தது. ஒரு மாலை குழாயடியில் கிரிக்கெட் ஆட்டத்தில் சண்டை மூண்டது. மகன் எதிராளியைப் பார்த்துச் சொன்னான்: “போடா, உன் தங்கச்சி சிவப்பு.” அந்தச் சொல்லின் பொருள் அங்கு நின்ற பிள்ளைகள் எவருக்கும் புரியவில்லை. புரியாததாலேயே அது பரவியது. மறுநாள் மாலைக்குள் அச்சிறுமியின் பெயரே சிவப்பு என்றாயிற்று.

இரவில் அவளுடைய தாய் வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை. “தாயி, எடைபோட உங்களிடம்தானே கொண்டுவந்தேன்” என்று மட்டும் சொன்னாள். தாயி மகனை அடித்தார். பிறகு அடித்ததற்காக அழுதார். அந்த இலக்கத்தை அவன் கையில் கொடுத்தவர் யார் என்பது அவருக்குத் தெரியும். அப்பெண் இரண்டு மாதம் குழந்தையைக் கொண்டுவரவில்லை. செயலியில் அக்குழந்தை எடைபோடாதோர் பட்டியலில் வந்தது. காரணம் கேட்டு ஒரு தெரிவு வந்தபோது, தரப்பட்ட விடைகளில் எதுவும் நடந்ததாக இல்லை.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு தந்த கைப்பேசிகளைத் திருப்பித்தரும் போராட்டத்தைத் தொடங்கினர். ‘மோபைல் வாப்சி’ என்று அதற்குப் பெயர். திட்ட அலுவலகங்களின் மேசைகளில் பேசிகள் குவிந்தன. சங்கங்கள் சொன்ன காரணங்கள் தெளிவானவை. நினைவகம் 2 ஜிபி மட்டுமே. புதிய செயலியை அது தாங்கவில்லை. பேசி சூடாகிறது, நின்றுவிடுகிறது. பழுதுபார்க்கும் செலவு பணியாளர் தலையில் விழுகிறது. செயலி மராத்தியில் இல்லை. நல்ல கருவியும் நம் மொழியும் தாருங்கள், வேலை செய்கிறோம் என்பதே கோரிக்கை. இவ்விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்றது. தொழில்நுட்பத்துக்கு அஞ்சும் பெண்கள் என்று இதை எழுதியவர்கள் உண்டு. கருவியை உடைக்காமல், ஒளித்துவைக்காமல், துடைத்துப் பெட்டியில் வைத்து, பெற்றதற்கு ரசீது கேட்டு வாங்கிச்சென்றவர்களை அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம்.

தாயியும் திருப்பிக் கொடுத்தார். குழாயடிச் சொல் எந்தக் கோரிக்கை மனுவிலும் இல்லை. மனுவில் இடம்பெறக்கூடியதும் அன்று. மனுவின் முதல் சொல் ‘ஆம்ஹி’ என்றிருந்தது: கேட்பவரை விலக்கிய ‘நாங்கள்’. சூடாகும் பேசியைப் பற்றித் தாயி எல்லோருடனும் சேர்ந்து பேசினார். மற்றதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

கொடுப்பதற்கு முதல்நாள் இரவு பேசியைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். கிச்சடித் தட்டுகள், உணவுப் பொட்டலங்கள், கைகழுவும் வரிசைகள், பதாகைகள். எல்லாம் சான்றுகள். அவற்றுக்கிடையில் தேடித்தேடி எடுத்த சொந்தப் படங்கள் இருபதுக்கும் குறைவு. ஊரடங்கின்போது ஊரில் இறந்துபோன தன் தாயைக் காணொலியில் பார்த்தபோது மகன் பிடித்துவைத்த திரைப்படம் ஒன்று. அதன் மூலையில் பேசியின் மின்னூட்ட அளவும் நேரமும் தெரியும். அவற்றை அண்டைவீட்டுப் பெண்ணின் பேசிக்கு அனுப்பிவைத்தார். மற்றவற்றை அழித்தபோது, இரண்டாண்டு வேலையை அழிப்பது போல ஒரு தயக்கம் இருந்ததாகப் பின்னர் சொன்னார். பதிவேடுகளைப் பழைய தாள்காரருக்குப் போட்டபோது அப்படித் தோன்றியதில்லை.

அடுத்த சில வாரங்கள் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நீட்டிச் சொல்லக் கூடாது, அது நிலைக்கவில்லை. மகனின் வகுப்பு இன்னும் திரையில்தான் நடந்தது. சங்கத்தின் செய்திகளும் வாட்ஸ்அப்பிலேயே வந்தன. கைப்பேசியைத் திருப்பித்தரும் போராட்டத்துக்கான அழைப்பே கைப்பேசியில்தான் வந்திருந்தது. தீபாவளிக்கு முன் தாயி தவணையில் சொந்தமாக ஒரு திறன்பேசி வாங்கினார். இம்முறை கண்ணாடித்தாளை அன்றே உரித்தார். அலுவலகக் குழுக்கள் ஒவ்வொன்றாக அந்தச் சொந்தப் பேசிக்குள் குடிபுகுந்தன. அரசின் கருவியில் அரசின் வேலை என்ற எல்லையும் அத்துடன் போயிற்று.

பணிக்கொடைச் சட்டம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்று 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பர் 4 முதல் மாநிலம் தழுவிய வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீடித்தது. புதிய கைப்பேசிகளும் பின்னர் வந்தன. செயலியும் பல மொழிகளைக் கற்றது, மராத்தியிலும் திறக்கிறது. அது செய்யும் நன்மையைத் தாயியே சொல்கிறார். உயரத்துக்கேற்ற எடையை அட்டவணையில் விரல்வைத்துத் தேடி, கண் மங்கித் தவறாகக் குறித்த காலம் போயிற்று. எண்ணை இட்டதும் அது கணக்கிட்டுவிடுகிறது. தடுப்பூசி தவறிய குழந்தை தானே மேலே வந்து நிற்கிறது. தட்டச்சுக்குப் பதில் பேசியே எழுதவைக்கவும் கற்றுக்கொண்டார். பேசியை வாயருகே வைத்து அவர் மெதுவாக உச்சரிக்கும் மராத்தி, வானொலிச் செய்தி வாசிப்பவருடையது போல இருக்கும். எல்லாவற்றையும் சுமை என்றே எழுதிவிட்டால் அவருக்கு நியாயம் செய்ததாகாது.

2024 ஜூலையில் ‘மாஜி லாட்கி பஹீண்’ திட்டம் வந்தபோது அக்கைப்பேசியின் மதிப்பைச் சரிவு முழுதும் கண்டது. 21 முதல் 65 வயதுள்ள தகுதியுடைய பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய். விண்ணப்பத்தை அங்கன்வாடிப் பணியாளரின் கைப்பேசி வழியாகவும் பதியலாம். படிவத்துக்கு 50 ரூபாய் என்றனர். விடியுமுன்னே வாசலில் வரிசை. பகலில் சர்வர் அசையாது. நள்ளிரவுக்குப் பின் அசையும். தாயி ஒரு மணிக்கு எழுந்து தட்டினார். முன்பு வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போன அந்தப் பெண்ணும் வரிசையில் நின்றாள். அவளுடைய பெயரை இம்முறை ஆதாரைப் பார்த்துத் தாயியே எழுத்தெழுத்தாக உள்ளிட்டார். மகன் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தான். உதவிக்கு அவனைக் கூப்பிடவில்லை.

2025 ஜூலை 1 முதல் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் உணவுப் பொட்டலத்தைப் பெற முகஅடையாளம் கட்டாயம் என்றாயிற்று. கருவுற்றவள் அல்லது பாலூட்டும் தாய் நேரில் வந்து, ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைச் சொல்லித் தன்னை ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். பின் ஒவ்வொரு முறையும் முகத்தைக் காட்டிப் பெற வேண்டும். ஆதாரோடு இணைந்த எண் பெரும்பாலும் கணவனுடையது. கணவன் ஹிஞ்சவடியில் சாரத்தின்மேல் நிற்கிறான். “யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே” என்று அவன் பேசியிலேயே அரசும் வங்கியும் நாள்தோறும் ஓதியிருக்கின்றன. அவன் சொல்ல மறுக்கிறான். “உன் பெண்டாட்டிதானடா கேட்கிறாள்” என்று தாயி பேசியை வாங்கி அதட்டுகிறார். அவன் ஆறு இலக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. மீண்டும் முதலிலிருந்து. பிரசவமாகி நாற்பது நாளான முகத்துக்கும் பழைய படத்துக்கும் செயலி ஒற்றுமை காணாத நாளும் உண்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொட்டைச் சரிசெய்துகொண்டு, வாசலின் வெளிச்சத்துக்கு வந்து அப்பெண் மறுபடி நிற்கிறாள். பத்தாண்டுகளாக அவளைச் சந்தில் பார்த்துவரும் தாயி எதிரில் நின்று, இவள் இவள்தான் என்பதை அந்தப் பேசி ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்கிறார்.

பதினொரு பதிவேடுகளின் மூட்டை இப்போது இல்லை. ஆனால் தாயி இன்னும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார், எவரும் கேட்காத நோட்டு. கோடு போட்ட பள்ளி நோட்டு. ஓரத்தை மட்டுமே எழுதுபவர் போல, பெயரும் எடையும் இல்லாமல், ஓரத்தில் எழுதியிருக்கக்கூடியவற்றை மட்டும் எழுதிவருகிறார். மகன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அந்த நோட்டு எங்கு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

சென்ற எடைபோடும் நாளில் அதே பெண் இரண்டாவது குழந்தையோடு வந்தாள். ஏழு மாதம், ஆண். முன்பு சிவப்பு என்று அழைக்கப்பட்ட சிறுமி தாயின் கையைப் பிடித்தபடி, பள்ளிச் சீருடையில். தராசில் கிடந்த குழந்தை அழாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாயி எண்ணை உள்ளிட்டார். பின்னால் வரிசையில் நால்வர் கழுத்தை நீட்டி நின்றனர். நிறம் தோன்றுமுன் தாயி திரையைத் தன் புடவைத் தலைப்பால் மூடி, தலைப்புக்குள் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசியைக் கவிழ்த்து வைத்தார். “வியாழக்கிழமை மறுபடி கொண்டுவா, மதியத்துக்கு மேல், தனியாக” என்றார். அப்பெண் எதுவும் கேட்கவில்லை. சிறுமி மட்டும் கவிழ்ந்திருந்த பேசியின் பின்புறத்தில் ஒட்டியிருந்த கணபதிப் படத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.